அகத்திக்கு மேலே வெயில்

பேங்க் மேனேஜர் எங்கள் தோட்டத்துக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பழம் எங்கே?"

கல்யாண் ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, அது கொண்டு விடுகிற இடத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் எங்கள் தோட்டம் வரும். முழுக்க வாழை. ஆனால் ஒரு வாழையில்கூடத் தார் கிடையாது. மேனேஜர் வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். இலை அறுபட்ட மட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். பூச்சியா, மாடு மேய்ந்துவிட்டதா, வேண்டாதவர்கள் யாராவது செய்த வேலையா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். முகத்தில் அப்படி ஒரு பரிதாபம். பயிரைப் பறிகொடுத்தவள் கடன் கேட்டு வந்து நிற்கிறாள் என்றே முடிவு கட்டிவிட்டார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மேடம், பயிரே இலைதான். இங்கே பழத்துக்கு வேலையில்லை" என்றேன்.

அவர் மராத்திக்காரர். செம்பூரில் வீடு. தினமும் குர்லா வந்து ரயில் மாறி, கல்யாணைத் தாண்டி இருக்கிற அந்தச் சின்னக் கிளைக்கு வந்து போகிறவர். என்னைவிட வயதில் நன்றாக இளையவர் என்பதால் என்னை 'மாவ்ஷி' என்பார். சித்தி என்று அர்த்தம். நான் அவரை மேடம் என்பேன். கடன் கேட்கப் போகிறவள் வயதைப் பார்க்கக் கூடாது. நாங்கள் பேசிக்கொண்டது இந்தியில். அவருடையது பள்ளிக்கூடத்து இந்தி, என்னுடையது தாராவி இந்தி. சண்டை போட என்னுடையதுதான் தோது.

மாட்டுங்காவில் மெஸ்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் இலை போடுவது என் தொழில். ஊரிலிருந்து ரயிலில் வருகிற இலை வந்து சேர்வதற்குள் ஓரம் கறுத்துவிடும். என் இலை காலையில் அறுத்தது, மத்தியானச் சாப்பாட்டுக்கு விரித்தால் மடங்காது. ரசம் விட்டால் ஓடாது. இதை நான் சொல்லவில்லை, மாட்டுங்காவில் சாப்பிடுகிறவர்கள் சொல்கிறார்கள். சரி, நானும் சொல்கிறேன்.

மேனேஜருக்கு இதெல்லாம் புரிந்தது. நாசிக் பக்கம் திராட்சைத் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் அவருடைய கம்ப்யூட்டரில் வாழை என்றால் பழம்தான். இலைக்கென்று ஒரு கட்டம் இல்லை. "வாழையா என்றுதான் கேட்கிறது. வாழையில் எதை விற்கிறீர்கள் என்று கேட்கவில்லை" என்று சொல்லி வாழை என்றே போட்டார். இந்தப் பெண்ணோடு காலம் தள்ளலாம் என்று அப்போதே எனக்குத் தோன்றிவிட்டது.

நாங்கள் கேட்டது சூரிய சக்தி பம்புக்குக் கடன். கிணற்றில் தண்ணீர் இருந்தது, அதை மேலே கொண்டுவருவதுதான் பாடு. கரண்ட் வருகிற நேரத்தைக் கரண்ட்காரனே அறியான். டீசல் இன்ஜினோ கிழட்டு மாடு, அடித்தால் இரண்டடி நடக்கும். போன கோடையில் அது படுத்துக்கொண்ட நாட்களில் இலை எல்லாம் ஓரம் காய்ந்து, மாட்டுங்காவில் இரண்டு மெஸ்காரர்கள் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். இன்னொரு கோடை அப்படிப் போனால் தோட்டத்தை விற்பதைத் தவிர வழியில்லை.

விற்றுவிட்டு எங்கே போவது? தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாக, எங்கள் சந்தில் அளவெடுக்க வந்தவர்கள் கதவில் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். கீழே என் கணவரின் வெல்டிங் பட்டறை, மேலே நாங்கள், அதற்கும் மேலே வாடகைக்கு விட்ட இடத்தில் தையல் மிஷின்கள். இதில் எந்தத் தளம் கணக்கில் வரும், எது வராது என்று யாருக்கும் தெரியவில்லை. இருக்கிற இடம் நிச்சயமில்லாதபோது கையில் இருந்த ஒரே நிச்சயம் அந்த வாழைத்தோட்டம். அதை விட எனக்கு மனசில்லை. எனக்கு மனசில்லை என்றால் எங்கள் வீட்டில் அது நடக்காது.

அரசாங்க மானியம் ஒரு பங்கு, பேங்க் கடன் ஒரு பங்கு என்று ஏற்பாடு. மார்ச் முடிவதற்குள் பேனல்கள் ஏறி, மேனேஜர் வந்து பார்த்துப் பணத்தை விடுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் மானியம் வேறு ஆளுக்குப் போய்விடும். ஜனவரியில் கடன் பாஸாகிவிட்டது. நான் மாட்டுங்கா போய் என் பழைய இரண்டு மெஸ்காரர்களிடமும், "கோடைக்குப் பார்ப்போம்" என்று சவால் விட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் பேனல் கம்பெனிக்காரர் வந்தார். கிணற்றோரத்துப் பாறைத் தரையில் நின்று வெயில் பார்த்தார். தெற்கே கை நீட்டி, "இந்த மரங்களை வெட்டிவிடுங்கள். பேனல் மேல் நிழல் விழும்" என்றார்.

அவர் காட்டியது என் அகத்தி வரிசை. தோட்டத்தைச் சுற்றி மேற்கிலும் தெற்கிலும் நெருக்கமாக நட்டு வளர்த்தது. அகத்திக்கீரைக்காக அல்ல, காற்றுக்காக. இந்தப் பக்கம் காற்று தென்மேற்கிலிருந்து வரும். வாழை இலைக்குக் காற்று ஆகாது. ஒரு வீச்சில் தோரணமாகக் கிழித்துவிடும். கிழிந்த இலையை எந்தப் பந்தியிலும் போட மாட்டார்கள். பழத்துக்கு வாழை வைப்பவனுக்கு இலை கிழிந்தால் கவலை இல்லை. எனக்கு அகத்தி இல்லையென்றால் இலை இல்லை, இலை இல்லையென்றால் பம்பு எதற்கு?

"பேனலை வேறு இடத்தில் வையுங்கள்" என்றேன். வேறு இடமெல்லாம் வாழை. வாழையும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிழல் போடும். "அப்படியானால் வாழையை வெட்டுங்கள்" என்றார். மரத்தை வெட்டு, வாழையை வெட்டு. தண்ணீர் தர வந்தவர் பேசிய பேச்சு அது. நான் அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ரயிலில் திரும்பி வரும்போது என் கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் அதிகம் பேசமாட்டார். பட்டறையில் இரும்பு போடுகிற சத்தத்துக்கு நடுவே வாழ்ந்தவர், தன் சத்தத்தையும் ஏன் சேர்க்க வேண்டும் என்று விட்டுவிட்டார். முலுண்ட் தாண்டியபோது வாயைத் திறந்தார்.

"ஏளா, தாராவியில எடம் பத்தலன்னா நாம என்ன செஞ்சோம்?"

"மேல போனோம்."

"அங்கன போன மாதிரி இங்கனயும் மேல போயிருவோம். பேனல் நிக்கிற காலை ஒசத்திப் போட்டா நெழலாவது ஒண்ணாவது."

எனக்கு அப்படியே பளிச்சென்று தெரிந்துவிட்டது. அகத்திக்கு மேலே பேனல். அதற்குக் கீழே நிழல். அந்த நிழலில் இலையைக் கழுவி, நுனி இலை தனியாக, ஏடு தனியாகப் பிரித்துக் கட்டலாம். மேலே கூரை என்று ஒன்று வந்துவிட்டால் கீழே சும்மா விடத் தாராவிக்காரிக்கு மனசு வருமா? கம்பெனி வரைபடத்தில் பேனலுக்குக் கீழே ஒரு கோழிகூட நிமிர்ந்து நடக்க முடியாது. எவ்வளவு இடத்தை வீணாக்குகிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

தாராவியில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் கட்டு, பிறகு கேள். கட்டியதை இடிக்க ஆள் வருவதற்குள் அதில் குடியேறிவிட வேண்டும். அதே வழக்கப்படி, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், என் கணவர் பட்டறையில் உயரக் கால்களை வெல்டிங் செய்தார். டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய் நட்டோம். நாலு கால், மேலே சட்டம். அகத்தித் தலைக்கு மேலே நிமிர்ந்து நின்றது. பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பேனல் மாட்ட வந்த கம்பெனிக்காரருக்குப் பெருமை இல்லை. போனில் படம் எடுத்தார், பேங்குக்கு அனுப்பினார். பேனல்களை வண்டியிலிருந்து இறக்காமலே திரும்பிப் போனார்.

அன்று மத்தியானம் மேனேஜரிடமிருந்து போன். "மாவ்ஷி, நீங்கள் கட்டியிருப்பது நாங்கள் ஒப்புக்கொண்ட வரைபடம் இல்லை. காற்றில் விழுந்தால் யார் பொறுப்பு? இதற்கு நான் பணம் விட முடியாது. மரத்தை வெட்டிவிட்டுக் கீழே வையுங்கள்."

"விழாது மேடம்."

"எப்படித் தெரியும்?"

"கட்டினவர் கையை எனக்குத் தெரியும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அவர் கட்டியது எப்படி நிற்கிறது என்று காட்டுகிறேன். செம்பூரிலிருந்து எவ்வளவு தூரம்?"

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன், வந்துவிட்டார். நல்ல மனசு. சயன் ஸ்டேஷனில் இறங்கியவரை நானே போய்க் கூட்டிவந்தேன். எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அவர் ஒட்டிக்கொண்டார். இரும்பு ஏணியில் கயிற்றைப் பிடித்து ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மாடியில் உட்காரவைத்து, டீயும் முறுக்கும் வைத்து, நான் பேச ஆரம்பித்தேன். இந்தத் தரை அவர் போட்டது, அந்தக் கூரை அவர் போட்டது, என் பிள்ளைகள் இந்த இரும்பின் மேல்தான் தூங்கி எழுந்து வளர்ந்தார்கள், எத்தனை மழைக்காலம் பார்த்த வீடு, ஒரு ஆணிகூட அசைந்ததில்லை. என் கணவர் மூலையில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேலே வேலை இருக்காது என்று நினைத்திருந்தேன். ஏதோ அவசர ஆர்டர். மிஷின்கள் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்தன.

எங்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. மேனேஜர் கையிலிருந்த டீ நடுங்கியது. அவர் கை நடுங்கவில்லை, வீடு நடுங்கியது. தம்ளரை மெல்லத் தரையில் வைத்தார். தரையிலும் டீ வட்டம் வட்டமாக ஆடியது. அலமாரியில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. அவர் எழுந்து நின்று சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்காமல் என் கணவரைக் கேட்டார்.

"இந்தப் பக்கத்து வீட்டையும் அந்தப் பக்கத்து வீட்டையும் எடுத்துவிட்டால் இந்த வீடு நிற்குமா?"

நான் "நிற்கும்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"நஹி."

ஒரே சொல். மேனேஜர் தலையசைத்துவிட்டு, கயிற்றைப் பிடித்து இறங்கிப் போய்விட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதை அன்றைக்கு என் நடுவீட்டில் பார்த்தேன்.

நான் என் கணவரைச் சும்மா விடவில்லை. "வாயத் தொறந்தா முத்து உதிந்துரும்னு இத்தன வருஷம் மூடி வச்சிருந்திய. இன்னைக்குத்தான் தொறக்கணுமா? நிக்கும்னு ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போவிய?"

"வேற எதப் பத்தியும் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இரும்பப் பத்திக் கேட்டா எப்படிளா பொய் சொல்ல?"

"அப்ப தோட்டத்துல நட்டது?"

"அது விழுந்துரும்" என்றார். "வீடு கட்டுத மாதிரியே கட்டிட்டேன். அங்கன புடிக்க ஆள் இல்லல்லா."

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை என்று அவருக்குச் சொன்னேன். உண்மையில் பயம். பிப்ரவரி பாதி போயிருந்தது. அகத்தியை வெட்டிவிடலாமா என்று முதல் தடவையாக நினைத்தேன். வெட்டினால் கடன் உண்டு, தண்ணீர் உண்டு, இலை இராது. வெட்டாவிட்டால் தண்ணீர் இராது, இலையும் இராது. எப்படிப் பார்த்தாலும் மாட்டுங்காவில் என் முகத்தைக் காட்ட முடியாது.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தபோது அவர் தரையில் சாக்பீஸால் வரைந்துகொண்டிருந்தார். சமைக்க வழியில்லாமல் அடுப்படி வரைக்கும் கோடு. நாலு கால் ஆறாகியிருந்தது. கால்களுக்கு நடுவே குறுக்குச் சட்டங்கள், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு. ஒவ்வொரு காலுக்கும் கீழே குழி, குழியில் கான்கிரீட். நான் அந்தக் கோடுகளை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போய் டீ போட்டேன். கோபம் இருந்தது, ஆனால் மிதிக்கவில்லை.

பேங்குக்கு நான் தனியாகப் போனேன். பேசுகிற வேலை என்னுடையது. "மேடம், அவர் அதைப் பிரித்துவிட்டு மறுபடி கட்டப் போகிறார். என்ன செய்தால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள். மரத்தை வெட்டு என்பதைத் தவிர எதுவானாலும் செய்கிறேன்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. நகைக்கடனுக்கு வந்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். "லைசென்ஸ் உள்ள கட்டட இன்ஜினியர் வரைபடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனியும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இரண்டும் வந்தால் மேலே எழுதி, புது வரைபடத்துக்கு நான் அனுமதி வாங்குகிறேன்" என்றார். பிறகு, "மாவ்ஷி, அன்றைக்கு உங்கள் கணவர் நிற்கும் என்று சொல்லியிருந்தால், இந்தக் கடனை அன்றே ரத்து செய்திருப்பேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் சொல்ல இருந்த பொய் அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று ஒரு கணம் பார்த்தேன். தெரிந்திருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை.

செம்பூரில் ஒரு இன்ஜினியரைப் பிடித்தோம். அவர் வரைபடத்தைப் பார்த்து, குழியை இன்னும் ஆழமாக்கு, இந்தச் சட்டத்தைத் தடிமனாக்கு என்று இரண்டு இடத்தில் திருத்தினார். என் கணவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. திருத்தியது சரி என்று தலையை மட்டும் ஆட்டினார். கம்பெனிக்காரர் முதலில் முறுக்கிக்கொண்டார். கையெழுத்தைப் பார்த்ததும் முறுக்கு இளகியது. பழைய கால்களைப் பிடுங்கி, வெட்டி, மறுபடி வெல்டிங் செய்தார்கள். பட்டறையில் வேறு வேலை எதுவும் ஓடவில்லை. மார்ச் கடைசி வாரத்தில் பேனல்கள் ஏறின. மேனேஜர் வந்து நாலு பக்கமும் படம் எடுத்தார். பம்பைப் போட்டபோது, வெயில் ஏற ஏறக் குழாயில் தண்ணீர் தடித்துக்கொண்டே வந்தது. எந்த நேரம் வெயில் சுடுமோ அந்த நேரத்திலேயே தண்ணீர் வருகிறது. இதைவிட ஒரு இலைக்காரிக்கு என்ன வேண்டும்?

அந்தக் கோடையில் ஒரு இலைகூட ஓரம் காயவில்லை. போன இரண்டு மெஸ்காரர்களில் ஒருவர் தானாகத் திரும்பி வந்தார். இன்னொருவர் ஆள் விட்டுக் கேட்டார். "நேரில் வந்து கேட்கச் சொல்" என்று சொல்லி அனுப்பினேன். வந்தார்.

ஆனால் காற்றில் விழாது என்று எப்படித் தெரியும் என்று மேனேஜர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அது மழைக்கு முன்னால் வந்தது. ஒரு சாயங்காலம் மும்பை முழுக்கப் புழுதிக் காற்று. எங்கள் சந்திலேயே தகரங்கள் பறந்தன. ரயில் நின்றுவிட்டது. கல்யாண் பக்கம் இன்னும் மோசம் என்று எல்லோரும் சொன்னார்கள். என் கணவர் சோற்றைத் தொடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

விடிந்ததும் கிடைத்த வண்டியைப் பிடித்துப் போனோம். வழியெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்தன. தோட்டத்தில் மேற்கு வரிசையில் அகத்தி இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அந்தச் சந்து வழியாகக் காற்று புகுந்த இடத்தில் இலைகள் கிழிந்து தொங்கின. மற்றவை பிழைத்திருந்தன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டே போனேன், நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. அவர்தான் முன்னால் போனார்.

நின்றுகொண்டிருந்தது. ஒரு பேனல்கூட நகரவில்லை. அந்த நேரம் பார்த்து மேனேஜரின் போன். வழக்கமாகப் போனை என்னிடம் நீட்டிவிடுகிற என் கணவர், அன்றைக்குத் தானே பேசினார்.

"நிற்கிறது மேடம். பக்கத்தில் யாரும் இல்லை. தானாக நிற்கிறது."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு அதைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். தெற்கே போய்ப் பார்த்தார், கிழக்கே வந்தார், வடக்கே போய்க் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார், மறுபடி மேற்கே வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு சுற்று போனார். வாழ்நாள் முழுக்கத் தாராவியில் சுவரோடு சுவர் ஒட்டி எத்தனையோ பேருக்கு எத்தனையோ கட்டியவர். கட்டிய ஒன்றை அவர் நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.